அம்மை போட்ட வீட்டுக்காரர்

கிழக்கே சூரியன் எழும்பிக்கொண்டிருக்கிறது. சாலையோரம் காரை நிறுத்திய சென்னைக்காரர்கள் வரிசையாகக் கையைத் தூக்கி அதைப் படம் பிடிக்கிறார்கள். பெயின்டர் பக்கிரி மட்டும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உப்புப் பாத்தியின் வரப்பில் குந்தியிருக்கிறார். வேலைக்கும் படத்துக்கும் ஒரே நீலச் சட்டை. லுங்கி முழங்காலுக்கு மேல் ஏறியிருக்கிறது. ஃபோன், தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது. மூச்சை அடக்கி, ஒரு கண்ணை மூடி, உதட்டைக் குவித்து ஒரு படம் எடுக்கிறார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு, காலைக்கடனுக்கு ஒதுங்கிய மனிதர் அங்கேயும் ஃபோனை விடவில்லை போலிருக்கிறது என்றுதான் தோன்றும். அப்படித் தோன்றி முகத்தைத் திருப்பிக்கொண்டு போன பெண்கள் உண்டு.

"சூரியன எதுக்குங்க படம் புடிக்கறது? அது எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் இருக்குது. அது நமக்கு என்னாத்த காட்டுதுன்னு இல்ல பாக்கணும்," என்பார். "வெளிச்சத்த முதுகுல வாங்கணும். அப்பத்தான் கலரு பொய் சொல்லாது."

ஒருமுறை சென்னைக் குடும்பம் ஒன்று, உதயத்தோடு சேர்த்துத் தங்களை ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லி அவரிடம் ஃபோனைக் கொடுத்தது. பக்கிரி அவர்களைத் தோளைப் பிடித்து அப்படியே திருப்பி நிறுத்தி, முகத்தில் வெயில் பளிச்சென்று விழ, பின்னால் ஒரு கழுதையும் மின்கம்பமும் தெரிய எடுத்துக் கொடுத்தார். எங்கே சூரியன் என்று அந்த அம்மாள் கேட்டாள். "ஒங்க மூஞ்சில இருக்குதும்மா," என்றார். அவர்களுக்கு வந்த கோபத்தில் நன்றிகூடச் சொல்லாமல் காரில் ஏறிவிட்டார்கள். பக்கிரிக்கு அது இன்றுவரை புரியவில்லை. படம் அவ்வளவு நன்றாக வந்திருந்ததாம்.

மரக்காணத்தில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பது அவர் தொழில். படம் எடுப்பது பைத்தியம். இந்த இரண்டுக்கும் நடுவே அவர் ஒரு பாலம் கட்டி வைத்திருக்கிறார். வேலைக்குப் போகும் வீட்டில் முதலில் சுவரைப் பார்க்க மாட்டார். வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு வாசற்படியில் நிறுத்துவார். "அம்மா, காலைல கதவத் தொறந்தா ஒங்க கண்ணுல மொதல்ல என்னா படுது?" என்று கேட்பார்.

"எதிர்வீட்டு பாத்ரூம் படுது."

"அதுக்குப் பின்னால?"

"பின்னால பனமரம் இருக்குது."

"அப்பிடிச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு, மறுநாள் விடியலில் அந்த வாசலிலேயே வந்து நின்று பனைமரத்தைப் பத்துக் கோணத்தில் படம் எடுப்பார். மட்டையின் பச்சையா, அடிமரத்தின் கறுப்பா, நுங்குக் குலையின் ஊதாவா என்று வீட்டுக்காரர்களுக்குத் தலை சுற்றும். கடைசியில் அவர் சொல்லும் நிறத்துக்கே தலையாட்டிவிடுவார்கள். ஆட்டாவிட்டால் அன்றைக்கு வேலை ஆரம்பமாகாது.

வெளியூர்ப் படம் எதையும் காட்டி அவரிடம் வேலை வாங்க முடியாது. வெளிநாட்டு வீடு ஒன்றைக் காட்டி இதேபோல் சாம்பல் நிறம் வேண்டும் என்று கேட்ட ஒருவரிடம், "இது குளுர்ல நிக்கற கலருங்க. நம்ம வெயில்ல அது மூணே மாசத்துல மொகரையத் தொங்கப் போட்டுக்கும்," என்றார். இடையஞ்சாவடிப் பக்கம் சில காலம் வேலை பார்த்தபோது, பெரிய பெரிய கேமராவோடு பறவைக்கும் காட்டுக்கும் அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறார். அவர்கள் இமயமலைக்குப் போனதாகவும் ஆப்பிரிக்காவுக்குப் போனதாகவும் கதை கேட்டிருக்கிறார். பொறாமைப்பட்டதில்லை. வேலை வீடுகளுக்காக எடுப்பதை விட்டால், அவருடைய எல்லை வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். "ஜெயா கூப்புட்டா காதுல வுழணும். அதுக்கு மேல போனா அங்க சிங்கமே நின்னாலும் எனக்கு வேணாம்," என்பார். ஜெயா அவர் மனைவி. அவள் குரல் கொஞ்சம் தூரம் போகும் என்பதால் உப்பளத்தின் முக்கால்வாசி அவர் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

அந்த எல்லைக்குள் என்ன இருக்கிறது என்று நாம் கேட்கலாம். சட்டம் போட்டதுபோல் பாத்தி, வரப்பு, மறுபடி பாத்தி. ஆனால் பக்கிரியின் ஃபோனைத் திறந்தால் கண் கூசும். புதிதாகத் தண்ணீர் விட்ட பாத்தி ஆறிப்போன டீ. நாலு நாள் வெயில் குடித்தது பாசிப்பயறு. உப்பு இறங்கப்போகிற பாத்தி, ரோஜாவும் செங்கல்லும் கலந்த ஒரு சிவப்பு. வாரிக் குவித்த உப்பு விடியலில் வெள்ளையே கிடையாது, வெங்காயத் தோல். இவையெல்லாம் அவர் வைத்த பெயர்கள். பெயின்ட் கம்பெனிக்காரர்கள் கேட்டால் மயக்கம் போட்டு விழுவார்கள்.

சாலையில் பெயின்ட் கடை வைத்திருக்கும் ராஜ்கமல் ஏற்கெனவே பாதி மயக்கத்தில்தான் இருக்கிறான். கலர் கலக்கும் மிஷின் அவனிடம் இருக்கிறது. பக்கிரியின் வண்டிச் சத்தம் கேட்டாலே கணக்கு பார்க்கிறவன்போல் தலையைக் குனிந்துகொள்வான்.

"தம்பி, இந்தத் தண்ணிக் கலரு வேணும்."

"அண்ணே, கார்டுல ஆயிரத்தெட்டு கலர் இருக்குது. அதுல ஒண்ணு சொல்லுங்க."

"ஒன் கார்டுல நண்டு முதுகு இருக்குதா?"

"அண்ணே, நீங்க ஃபோன்ல பிரைட்னஸ் ஏத்தி வச்சிருக்கீங்க. என் மிஷின் என்னா பண்ணும்?"

உடனே பக்கிரி மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுப்பார். உள்ளே அந்தப் பாத்தியின் சேறு இருக்கும். கல்லாமேல் வைத்து, "ஃபோன் பொய் சொல்லுதுன்னா இதப் பாரு," என்பார். ராஜ்கமல் கடையில் தினமும் சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றுவது பக்திக்காக அல்ல, அந்தச் சேற்று வாடைக்காகத்தான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எப்போதும் ஜெயிக்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். தையல் கடை சிவசங்கரி வீட்டுக்கு, உப்பு இறங்கும் பாத்தியின் சிவப்பை அப்படியே கொண்டுவருகிறேன் என்று சத்தியம் செய்து அடித்தார். விடியலில் பார்த்தால் வீடு ஒரு கனவு. பதினொரு மணி வெயில் ஏறியதும் அது ரோஸ்மில்க். சிவசங்கரி நடுத்தெருவில் நின்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். பக்கிரி தலையைச் சொறிந்துகொண்டு, "காலைல மட்டும் பாருங்கம்மா," என்றார். இன்று அந்தத் தெருவுக்கே அடையாளம் அந்த வீடுதான். ரோஸ்மில்க் வீட்டுக்கு எதிர்ச் சந்து என்று சிவசங்கரியே கஸ்டமர்களுக்கு வழி சொல்கிறாள். இருந்தாலும் பக்கிரியைக் கண்டால் மட்டும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்கிறாள். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இப்படி ஊரையெல்லாம் நிறத்தில் முக்கி எடுத்தவர் வீடு எப்படி இருக்கும் என்று பார்க்கப் போனால், ஊருக்குத்தான் உபதேசம். உப்பளத்தின் கரையில், பாத்திகளைப் பார்த்து நிற்கும் அந்த வீட்டுக்குப் பூச்சு முடிந்து ஒன்பது வருடம் ஆகிறது. இன்றுவரை பெயின்ட் கிடையாது. வெறும் சிமென்ட். சும்மா வெறும் சிமென்டாக இருந்தால்கூடப் பரவாயில்லை. முன்சுவர் முழுக்கக் கையகலத்துக்குக் கையகலம் நிறத் திட்டுகள். ஒவ்வொரு நல்ல படம் எடுத்ததும் அந்த நிறத்தைக் கலந்து சுவரில் ஒரு திட்டு அடித்துப் பார்ப்பார். காலையில் பிடிக்கும். மத்தியானம் பிடிக்காது. அடுத்த வாரம் இன்னொரு திட்டு. தெருப் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் அம்மை போட்ட வீடு. தபால்காரர்கூட அப்படித்தான் விசாரிக்கிறார்.

"ஊரான் வீடுன்னா அடிச்சிட்டு வந்துடறேன். நம்ம வீடுன்னா தெனமும் பாக்கணுமே," என்பது பக்கிரியின் நியாயம். ஜெயாவிடம் இந்த நியாயம் செல்லாது. அவள் கறாரானவள். குழம்பில் உப்பு கூடினால் ஒரு வார்த்தை, குறைந்தால் ஒரு வார்த்தை, அவ்வளவுதான் அவளுக்குப் பேச்சு. கணவரின் படங்களை அவள் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. அவர் காட்ட வந்தால், "பாத்துட்டேன், பாத்துட்டேன். அதே தண்ணி," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கல்யாணத்தைப் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். போன வைகாசியில் இந்த இரண்டும் சேர்ந்து பக்கிரியின் கழுத்தைப் பிடித்தன. மகள் சூர்யகலாவைப் பெண் பார்க்கப் பெருமுக்கல்லிலிருந்து வந்தார்கள். பையன் பெயர் செந்தமிழ். பையனுக்குப் பெண்ணைப் பிடித்தது, பெண்ணுக்கும் பையனைப் பிடித்தது. காபி குடித்து வெளியே வந்த பையனின் அம்மா ராசம்மாள், சுவரை மேலும் கீழும் பார்த்து, "வீடு பாதியில நிக்குதுங்களே, கல்யாணத்துக்குள்ள முடிச்சிடுவீங்களா?" என்று கேட்டாள்.

முடிந்த வீடுதான் என்று எப்படிச் சொல்வது. ஜெயா சிரித்து மழுப்பினாள். இரண்டு நாள் கழித்துத் தரகர் வழியாகச் சேதி வந்தது. பொண்ணு தங்கம், வீட்டைப் பார்த்தால்தான் கஷ்டத்தில் இருக்கிற குடும்பமோ என்று யோசனையாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்து பேசிவிட்டுத் தட்டு மாற்றலாமா என்று முடிவு பண்ணுகிறோம், என்று. ஜெயாவுக்கு முகம் செத்துப்போயிற்று. சூர்யகலா அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, எனக்கு அவரப் புடிச்சிருக்குது. ஒரு கலரு. ஒரே ஒரு கலரு அடிச்சிடுங்க," என்றாள்.

"அடிச்சிடறேம்மா," என்றார் பக்கிரி. மனதாரத்தான் சொன்னார்.

ஜெயா நம்பவில்லை. வியாழக்கிழமை இரவுக்குள் நிறம் முடிவாகாவிட்டால் வெள்ளிக்கிழமை காலை கலியன் வந்து வெள்ளை அடிப்பான் என்று அறிவித்துவிட்டாள். வெறும் மிரட்டல் இல்லை. கலியன் வீட்டுக்கே போய் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டு வந்திருந்தாள். கலியன் பெருமுக்கல் சாலையில் இருக்கும் இன்னொரு பெயின்டர். சில வருடம் பக்கிரியிடம் கூலிக்கு வேலை பார்த்துவிட்டுத் தனியாகப் போனவன். பெயின்டர் வீட்டுக்கு இன்னொரு பெயின்டர் வந்து பெயின்ட் அடித்தால் மரக்காணத்து டீக்கடைகளுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும். ஐப்பசி வரைக்கும் பேசுவார்கள். சிவசங்கரிக்குத் தெரிந்தால் இனிப்புக்கூட வழங்குவாள்.

பக்கிரி அந்த வாரம் பட்ட பாடு நாய் படாது. விடியலில் போனார், சாயங்காலம் போனார். மேகம் வந்தால் ஓடினார். எல்லையைத் தாண்டிப் போய்க் கடலோரம் இழுத்து வைத்த படகின் மஞ்சளை எடுத்தார். கால்வாய்க் கரையில் நின்ற நாரையின் காலை எடுத்தார். உப்பு மூட்டை தைக்கும் சணலை எடுத்தார். சுவரில் புதிதாக ஆறேழு திட்டுகள் ஏறியதுதான் மிச்சம். வியாழன் இரவு சாப்பிடும்போது, "நாளைக்கி ஒரு நாள் குடு," என்று கேட்டார். ஜெயா சோற்றை வைத்துவிட்டு விளக்கை அணைக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கலியன் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பாவம், அவனும் கூனிக் குறுகித்தான் வந்தான். வரப்பிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த பக்கிரி, கால் சேறுகூடக் கழுவாமல் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணி வெத்தல பாக்கு வச்சிட்டாங்க."

"ஒன் தொழில நீ பாருப்பா," என்றார் பக்கிரி. மானம் போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எந்த மனிதருக்கும் சிரமம்தான்.

கலியன் ஏணியைச் சாத்தினான். வெள்ளை வாளியின் மூடியைத் திறந்தான். பிரஷ்ஷைக் கையில் எடுத்ததும் பழக்கதோஷம் அவனைப் பிடித்துக்கொண்டது. வாசல் பக்கம் திரும்பி, "அண்ணி, கொஞ்சம் இப்பிடி வந்து நில்லுங்க. காலைல கதவத் தொறந்தா ஒங்க கண்ணுல மொதல்ல என்னா படுது?" என்று கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் யார் வீட்டு வாசலில் நிற்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பக்கிரி நிமிர்ந்து பார்த்தார். ஊரில் எத்தனை வாசலில் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார். இந்த வாசலில் கேட்டதே இல்லை.

"வெள்ள அடிக்கச் சொன்னா வெள்ளைய அடிச்சிட்டுப் போப்பா. கேள்வி எதுக்கு?" என்று ஜெயா சிடுசிடுத்தாள். ஆனாலும் வாசற்படிக்கு வந்து நின்றாள். எதிரே பாத்திகளைப் பார்த்தாள்.

"என்னா படும்? உப்பளம் படும். நடுவுல இவரு முதுகு படும்."

கலியன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான்.

"பாம்பு கெடக்கற வரப்பு. கால் வழுக்குனா சேறு. இந்த மனுசன் ஃபோனத் தூக்கினா ஒலகமே தெரியாது. கதவத் தொறந்ததும் அந்த நீலச் சட்ட என் கண்ணுல படணும். பட்டா போதாது, அது அசையணும். அசையறதப் பாத்துட்டுதான் உள்ள போயி அடுப்பப் பத்த வப்பேன். அது கண்ணுல படாத அன்னிக்கி எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது." சண்டை போடுகிற குரலில்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும், வாயை விட்டுவிட்டோமே என்பதுபோல் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பக்கிரி தொட்டியிலிருந்து எழுந்துவிட்டார். "இத்தன வருசமா சொல்லவே இல்லியே, ஜெயா."

"நீங்க என்னிக்கி கேட்டீங்க?"

கலியன்தான் காப்பாற்றினான். அவனுக்குத் தொழில் தெரியும். வெள்ளை வாளியை மூடினான். "அப்ப நீலம்ணே. அந்த நீலத்துக்கு ஃபோட்டோ இருந்தா குடுங்க. ராஜ்கமல் கடையத் தொறந்துட்டிருப்பான். இன்னிக்கி ஒரு கை அடிப்போம், நாளைக்கி ஒரு கை. ஞாயித்துக்கெழமைக்குக் காஞ்சிடும்," என்றான்.

பக்கிரி ஃபோனைத் திறந்து தேடினார். பாத்தி, தண்ணீர், நாரை, மேகம், உப்பு, மறுபடி தண்ணீர். விரல் தேயத் தள்ளினார். ஒரு படத்திலும் அவர் இல்லை. நிழல்கூட இல்லை. எட்டிப் பார்த்த சூர்யகலா, "ஒங்க முதுக நீங்களே எப்பிடிப்பா எடுத்திருப்பீங்க?" என்றாள். வாரம் முழுக்க அழுது வீங்கிய முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

"நீ போயிட்டு வர்றதுக்குள்ள சுவத்த நான் சொரண்டி வச்சிடறேன்," என்று கலியனிடம் சொன்னார் பக்கிரி. ஃபோனை மகள் கையில் கொடுத்துவிட்டு, தெருவில் நின்றபடியே சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். சட்டையின் முன்பக்கத்தில் மரக்காணத்தின் எல்லா வீடும் இருந்தது. ரோஸ்மில்க்கும் இருந்தது, நண்டு முதுகும் இருந்தது. பின்பக்கத்தில் ஒரு துளி பெயின்ட் இல்லை. தினமும் விடியல் வெயில் பட்டுப் பட்டு, எந்தக் கார்டிலும் இல்லாத ஒரு வெளிர் நீலமாக அது வெளுத்திருந்தது. கிழிந்த பனியனோடு நின்றுகொண்டு, பெயின்ட் பட்ட பக்கம் உள்ளே போகும்படி சட்டையை மடித்து, முதுகுத் துணி மேலே தெரிய, கலியனின் இரண்டு கைகளிலும் வைத்தார்.